ஆணி தாங்காத குளம்புக்கு ஒட்டு லாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் நொண்டிக்கொண்டே சவாரி போகும் குதிரைகளைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த நோவு எனக்கும் உண்டு. ஆனால் லாடத்தை ஒழுங்காக அடித்தால் குதிரை நொண்டாது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில குளம்புகளுக்கு லாடம் அடிப்பதே கேடு. அவற்றுக்கு லாடத்தை ஒட்டத்தான் வேண்டும்.

நான் 41 ஆண்டுகள் லாடம் அடித்தவன். என் அப்பா மணப்பாறைச் சந்தையில் காளைகளைக் கயிறு கட்டிச் சாய்த்து லாடம் அடித்தவர். அவரிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, சென்னை கிண்டியில் பந்தயக் குதிரை லாயங்களில் வேலை செய்து, வயதான பிறகு மகள் வீட்டோடு கொடைக்கானலில் இருக்கிறேன். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் சில இந்த மலைக்கு வந்து சவாரிக் குதிரைகளாகின்றன. கிண்டியில் நான் லாடம் அடித்த குதிரை ஒன்றை இங்கே ஏரிக்கரையில் பார்த்து, நெற்றிச் சுழியை வைத்து அடையாளம் கண்டு, அங்கேயே நின்று அழுதிருக்கிறேன்.

குளம்புக்கு உணர்ச்சி இல்லை, ஆணி அடித்தால் வலிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். வெளிச்சுவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அந்தச் சுவருக்குள் ஓர் எலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவரின் உட்புறத்திலிருந்தும் எலும்பின் மேற்புறத்திலிருந்தும் புத்தகத் தாள்களைப் போல ஏறத்தாழ 600 மடிப்புகள் வந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, அந்த எலும்பைப் பிடித்து நிறுத்துகின்றன. குதிரையின் முழுப் பாரமும் நான்கு கால்களிலும் உள்ள இந்தப் பிடியில்தான் நிற்கிறது. தானியம் அளவுக்கு மீறிப் போய்க் குடல் கெட்டாலும், ஒரு காலில் அடிபட்டு எதிர்க்காலிலேயே பல நாள் பாரம் நின்றாலும், அந்த மடிப்புகள் அழன்று பிடி தளர்ந்துவிடும். எலும்பு திரும்பிக் கீழே இறங்கும். முற்றிப்போனால் அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கால்நடை மருத்துவர்கள் இதை லாமினைட்டிஸ் என்கிறார்கள். இப்படி வெந்துகொண்டிருக்கும் காலைத் தூக்கிப் பிடித்து, சுத்தியலால் ஆறு ஆணிகளை அறைவதை அந்த வாசகர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

செல்லி என்று ஒரு பெட்டைக் குதிரை. வயது ஒன்பது. மே மாதச் சீசனில் சுற்றுலாப் பயணிகள் அன்பாகக் கொடுத்த ரொட்டி, மக்காச்சோளம், அது போதாமல் உரிமையாளர் இரவில் வைத்த தீவனம் எல்லாம் சேர்ந்து ஜூன் தொடக்கத்தில் அவளை நிற்க முடியாமல் செய்துவிட்டன. முன்கால்கள் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் சாய்த்து நின்றாள். குளம்பில் கை வைத்தால் சுட்டது. கணுக்காலுக்குப் பின்னால் நாடி படபடவென்று அடித்தது. நான் போவதற்கு முன்பே ஒருவர் பழைய லாடத்தைக் கழற்றிப் புதிதாக அடித்திருந்தார். மெலிந்த சுவர், பழைய ஆணித் துளைகள், அவற்றுக்கு நடுவே புதிய துளைகள். முறுக்கை உடைத்தது போலச் சுவர் உதிர்ந்து கிடந்தது.

முதல் வேலையாக ஆணிகளை ஒவ்வொன்றாக அறுத்து, நெம்பாமல் லாடத்தை எடுத்தேன். தானியத்தை நிறுத்தச் சொன்னேன். கால்நடை மருத்துவர் வந்து மருந்து கொடுத்தார். பனிக்கட்டி போட்ட தண்ணீர் வாளியில் கால்களை நிறுத்தினோம். கெட்டியான தெர்மோகோலைக் குளம்பளவு வெட்டி அடியில் கட்டினோம். எக்ஸ்ரே எடுக்க அவளை மினி லாரியில் ஏற்றி மலையிறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. படத்தில் இடது முன்கால் எலும்பு திரும்பியிருந்தது. அந்தப் படம் இல்லாமல் ஒட்டு லாடத்தில் கை வைத்திருக்க மாட்டேன். எலும்பின் முனை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் லாடத்தை எங்கே நிறுத்துவது?

நோவு தணிந்த பிறகு ஜூலையில் ஒட்டினோம். அதற்கு முன் இரண்டு நாள் அவளை உலர்ந்த மரத்தூளில் நிறுத்திவைத்தேன், ஒட்டு வேலைக்குப் பெரிய எதிரி ஈரம்தான் என்பதால். ஜூலைப் பனிமூட்டத்தில் கொடைக்கானலில் துணியே காயாது, குளம்பு எப்படிக் காயும்? சுவரை அரத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கம்பித் தூரிகையால் தூசியைத் தட்டி, அசிட்டோனில் துடைத்து, கேஸ் டார்ச்சின் தீயை மேலோட்டமாகக் காட்டினேன். கை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அதற்கு மேல் கூடாது. துடைத்த இடத்தில் பிறகு விரல் படக் கூடாது. நம் கையின் எண்ணெய்ப்பசை பட்டாலே அங்கே பிடிப்பு போய்விடும்.

லாடம் அலுமினியத்தில் ஆனது. குளம்பு சுலபமாக உருண்டு எழும்படி முன்விளிம்பை உள்ளே தள்ளிவைத்தேன். அடிப்பாதத்தின் நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதிக்குச் சிலிக்கான் பிசினால் தாங்கல் கொடுத்தேன். பசை அக்ரிலிக் வகை. பல் மருத்துவர் பல்செட் செய்வதும், எலும்பு மருத்துவர் செயற்கை மூட்டைப் பதிப்பதும் இந்தக் குடும்பத்துப் பொருளால்தான். இறுகும்போது சூடாகும். ஆகவே அடிப்பாதத்தில் படவிடக் கூடாது. கிண்டியில் மே மாத வெயிலில் கலந்து முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும். இங்கே பசைக் குழாயை அரை மணி நேரம் வெந்நீரில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. யூரித்தேன் பசை ஓரிரு நிமிடத்தில் இறுகும், ஆனால் ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கிவிடும், அதனால் இந்த மலையில் நான் அதை நாடவில்லை. பசையோடு சிட்டிகை மயில்துத்தப் பொடி கலந்தேன். உள்ளே கிருமி தங்காமலிருக்க அது உதவும்.

இறுகும்வரை காலை ஊன்றவிடாமல் தொடையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். உரிமையாளரின் மகன், எட்டாம் வகுப்புப் பையன், கைப்பேசியைப் பார்த்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தான். “ஐயா, எட்டு ஆகிவிட்டது” என்றான். மெல்ல இறக்கினேன். செல்லி அந்தக் காலை ஊன்றினாள், எடுத்தாள், மறுபடி ஊன்றினாள். பிறகு தலையைத் தாழ்த்தி, பெருமூச்சு விட்டு, வாயை மென்றாள். மறுநாள் யாரும் இழுக்காமல் தண்ணீர்த் தொட்டிவரை நடந்தாள்.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அறுத்தெடுத்துச் சீவி மீண்டும் ஒட்டினேன். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. முன்பக்கச் சுவர் மேலிருந்து தரைவரை முழுதாகப் புதிதாக வர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். அந்த ஓராண்டும் அவள் முதுகில் யாரும் ஏறவில்லை. ஒரே வருமானம் அந்தக் குதிரைதான் என்ற வீட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இன்றும் பெரியவர்களை அவள் மேல் ஏற்றுவதில்லை.

இதை மந்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே மலையில் இன்னொரு மட்டக்குதிரைக்கு, ஈரக் குளம்பின் மேலேயே, ஹார்டுவேர் கடையில் வாங்கிய பசையை அடிப்பாதம் முழுக்கப் பூசி லாடத்தை ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது வாரம் நாற்றம் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். அறுத்தபோது கறுப்பாகச் சீழ் வடிந்தது. யார் ஒட்டியது என்று எழுத மாட்டேன், அவருக்கும் சொல்லித்தர ஆள் இல்லை. குளம்பு நன்றாக இருக்கிற குதிரைக்கும் இதை ஒட்டத் தேவையில்லை. பசைக்கு அடியிலேயே எப்போதும் இருக்கும் சுவர் நாளடைவில் வலுவிழக்கும், குதிகால் குறுகும்.

ஓடினால் கழன்றுவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் பிக் பிரவுன் என்ற குதிரை முன்கால்களில் ஒட்டு லாடத்தோடு ஓடித்தான் கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற பந்தயத்தை வென்றது. பசையே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்பவர்களுக்குப் பார்பரோ என்ற குதிரையை நினைவூட்டுகிறேன். 2006-இல் அதே டெர்பியை வென்று, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் எலும்பை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆனால் பாரம் தாங்கிய இடது பின்னங்குளம்பில் லாமினைட்டிஸ் வந்தது. மாதக்கணக்கில் போராடியும், 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அத்தனை வசதி இருந்த இடத்திலேயே முடியவில்லை. ஆகவேதான் நோயின் முதல் நாளிலேயே ஆணியை நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறேன்.

பசை வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் மைக்கேல் ஸ்டீவர்ட், ஒட்டுப்பலகையை விளிம்பு சரித்து வெட்டி, மரக்கட்டை லாடமாகப் பொருத்தும் முறையைப் பரப்பினார். அளவு கொடுத்தால் நம் ஊர்த் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். கட்டு போடும் பட்டையால் சுற்றிப் பிடிக்க வைக்கலாம்.

பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். நமக்கு உடனே அப்படியொரு சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படிக் கேட்டால் என் அப்பாவைப் போன்றவர்களின் சோற்றில் மண் விழும். கேட்பதெல்லாம் ஒரு பயிற்சி. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு இருக்கிறது. அதன் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் கொடைக்கானலிலும் ஊட்டியிலும், ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையிலும் எங்களோடு உட்கார வேண்டும். மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டட்டும், லாடக்காரர் குளம்பைக் காட்டட்டும். சவாரிக் குதிரைகள் உள்ள ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் இந்தப் பசையும் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியும் கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும்.

அதுவரை என் வீட்டுத் திண்ணை இருக்கிறது. கற்றுக்கொள்ள விரும்பும் தம்பிகள் யாரும் வரலாம், கூலி வேண்டாம். நோயுற்ற குதிரையை நடத்திக் கொண்டுவர வேண்டாம், நானே வருகிறேன். நான் வரும்வரை தானியத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, உலர்ந்த மரத்தூளில் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாடத் தொழிலாளி,
கொடைக்கானல்.