அறுபது நாளும் கூட நின்றவர்களுக்கு

சாட்ஸ்வொர்த் சொந்தங்களுக்கும் டர்பன் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்றோடு 60 நாள் முடிந்தது. நாங்கள் தத்தெடுக்கும் குழந்தையைப் பெற்ற தாய் மனம் மாறினால் தத்துச் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தென்னாப்பிரிக்கச் சட்டம் கொடுத்த கெடு அது. நாங்கள் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். குழந்தை வந்ததும் ஆளாளுக்குச் சட்டை, செருப்பு, நடைவண்டி என்று கொண்டுவந்தீர்கள். எல்லாம் அன்புதான். ஆனால் நடைவண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இவள் நடக்கும்போது எங்கே இருப்பாளோ? துணி போட்டு மூடிவைத்தேன். ஆயா மட்டும் சனிக்கிழமைதோறும் ஒரு டயப்பர் பாக்கெட்டை, இருப்பதிலேயே சின்ன அளவு, வேலிக்கு மேலே நீட்டுவார். "இந்த வாரத்துக்கும்மா." அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மேல் எங்களால் யோசிக்க முடியவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? பென்ஷன் பணத்தில் எட்டுச் சனிக்கிழமை, எட்டுப் பாக்கெட்.

இன்று காலை கையில் டயப்பர் இல்லை. ஒரு வயசுப் பிள்ளைக்கான மஞ்சள் கவுன். விலைச்சீட்டைப் பிய்த்த நூல் கழுத்தில் அப்படியே தொங்கியது. ஆயா தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

எங்கள் சமூக சேவகர், குழந்தைகள் நீதிமன்றத்தில் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது எங்களுக்காகவும் வேண்டியவர்கள், நடு ராத்திரியிலும் போனை எடுத்த என் தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், இவளைப் பெற்ற, பேர் சொல்லக் கூடாத அந்தப் பெண். "தூக்கிப் போட்டுட்டுப் போனவ" என்று நம்மில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. இல்லை. அவர் அலுவலகப் படியேறி, பேர் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தைரியம் எல்லாப் பெண்ணுக்கும் வராது. அது வராதவர்கள் குழந்தையைப் பத்திரமாக அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சேலத்தில் 1992-இலேயே தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் 1999-இல் அப்படிப்பட்ட தாயைக் காக்கச் சட்டமே போட்டார்கள். அதே வருஷம் ஜோகன்னஸ்பர்க் பெரேயாவில் ஒரு தேவாலயம், சுவரில் திறப்பு வைத்து, அதில் விட்டுப்போகும் குழந்தைகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. ஆனாலும் அப்படிப் பத்திரமாக விட்டுப்போகும் தாயைக் காக்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. கைவிட்ட குற்றம் என்றுதான் ஆகும். அந்தச் சட்டம் வேண்டும் என்று யார் கேட்டு வந்தாலும் நானும் கூட வருவேன்.

இவளுக்கு விவரம் தெரிகிற வயசில், "உன்னை விட்டுட்டுப் போகல, எங்க கையில கொடுத்துட்டுப் போனாங்க" என்று நானே சொல்வேன்.

நீதிமன்ற உத்தரவு இனிமேல்தான் வர வேண்டும். சரி, வரட்டும். நடைவண்டி மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டேன்.