டுபாயில் நாலு மணித்தியாலம் விடு, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின ரிக்கற் விபரம் பார்த்தேன். டுபாயில் பிளேன் மாற ஒன்றேகால் மணித்தியாலம்தான் விட்டிருக்கிறாய். விலையும் குறைவு, நேரமும் குறைவு என்கிறாய், சரி, ஆனால் இரண்டு சின்னப்பிள்ளைகளோடு அது வேண்டாம். ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலம் பிந்தி எழும்பினால் கொழும்புப் பிளேன் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டு நிற்காது, அடுத்ததில் நாலு இடம் கிடைக்கும் வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதுதான். நாலு மணித்தியாலம் இருக்கிற மாதிரி எடு, சின்னவன் கொஞ்சம் ஓடித் திரியட்டும்.

டுபாய் சுற்றுவழி என்று மருமகன் சொன்னாராம். வாசிகசாலையில் இருக்கிற உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். ரொறன்ரோவில் ஒரு முனையை விரலால் அமத்திக்கொண்டு மற்றதைக் கொழும்புக்கு இழுத்தால், நூல் அத்திலாந்திக் நடுவால் வராமல் வடக்கே ஏறி, கிறீன்லாந்துக்கு மேலால் போய், பின்லாந்து, ரஷ்யாப் பக்கத்தால் இறங்குகிறது. அந்த நேர்வழியே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாக என்றால் 11,000 அளவில் ஒன்று, 3,300 அளவில் இன்னொன்று. கூடுகிற தூரம் பிளேனுக்கு அரை மணித்தியாலமும் இல்லை. நேரடிப் பிளேனும் இல்லாதபடியால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

காற்றும் உங்களுக்கு நல்லது செய்யும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசும், அதனால் ரொறன்ரோவிலிருந்து டுபாய் வர 13 மணித்தியாலம் வரையில்தான், திரும்பிப் போக 14 ஆகும். போகிற நாளுக்கு அடுத்த நாளே வேலைக்குப் போகிற மாதிரி லீவு போடாதே.

சென்னை வந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாமோ என்றும் கேட்டிருந்தாய். சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பலாலி, அங்கிருந்து கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம், கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் வேறு வேறு ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்துதான் திரும்ப ஏற வேண்டும், கனடாப் பாஸ்போட்டுக்கு இந்திய விசா வேண்டும், சின்னப் பிளேன் என்றபடியால் பெட்டி நிறையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வளரட்டும், அப்புறம் அந்த வழியைப் பார்ப்போம்.

எனக்கு உண்மையில் கவலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினதுக்குப் பிறகுதான். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வான் பிடித்து ரோட்டால் ஆறேழு மணித்தியாலம், இரவில் ரோட்டில் மாடும் நிற்கும், யானையும் நிற்கும். அதனால் விடிய இறங்குகிற பிளேனாய்ப் பார். நான் கணக்குப் போட்டேன்: அங்கே வெள்ளி இரவு 10 மணிக்கு எழும்பினால் இங்கே சனி காலை 7.30 (கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம்). 13 மணித்தியாலம், டுபாயில் நாலு, பிறகு நாலரை. ஞாயிறு விடிய 5 மணிக்கு இறங்குவீர்கள். பெட்டி எடுத்து வெளிக்கிட ஆறரை என்றாலும், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்குள் வீட்டில் சாப்பிடலாம். பிள்ளைகள் வானில் நித்திரை கொண்டால் கொள்ளட்டும், மறிக்காதே.

யூலை முதல் கிழமை என்றால் பாலைப்பழமும் கிடைக்கும், அம்மா இப்போதே ஆளுக்குச் சொல்லி வைத்துவிட்டா. ரிக்கற்றை மாற்றினதும் பிளேன் நம்பரை அனுப்பு, வான்காரத் தம்பிக்கு நேரம் சொல்ல வேண்டும்.

அப்பா