ஆங்கில ஆய்வுகளில் நம் பிள்ளைகளின் தாய்மொழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலம் கற்பித்தல் குறித்து நான் வாசித்த உள்நாட்டு ஆய்வேடுகள் பலவற்றில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை 'மலேசிய மாணவர்' என்ற பொதுப்பெயருக்குள் மறைந்துவிடுகிறது. இது சிறிய குறையன்று. மலாயில் காலத்திற்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. தமிழிலோ 'போனேன், போகிறேன், போவேன்' என்று மாறுகிறது. செந்தூலில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில், 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதிய படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாம் ஆண்டு) மாணவியிடம் அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். 'நேற்றுப் போனேன்' என்றவள், சற்று யோசித்து, 'கோ'வை அடித்துவிட்டு 'வென்ட்' என்று தானே திருத்தினாள். விதியை நான் சொல்லவே இல்லை. அவள் தாய்மொழியிலேயே அது இருந்தது.

இலக்கியத்திலும் இதே நிலைதான். இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இலக்கியக் கூறு இடம்பெற்றுள்ளது. தமிழ் வகுப்பில் திருக்குறளின் உவமையைத் தயங்காமல் விளக்கும் பிள்ளைகள், ஆங்கிலக் கவிதை என்றதும் வழிகாட்டி நூலின் விடையை மனப்பாடம் செய்வதைக் காணும்போது மனம் வலிக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையும் இந்திய ஆய்வியல் துறையும் இணைந்து, பிள்ளைகளின் தாய்மொழியையும் கணக்கில் கொள்ளும் ஆய்வுகளில் முதுகலை மாணவர்களை ஈடுபடுத்த வேண்டும். அவற்றின் முடிவுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் கைக்கு எளிய தமிழில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்