நூலுக்கும் தடிமன் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆய்வகச் செய்முறைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) சோதனையில் விடை சரியான மதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாணவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பல வருடம் அந்த மேசைப் பக்கத்தில் நின்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சுழல்தட்டின் அச்சில் நூலைச் சுற்றி, நுனியில் எடையைத் தொங்கவிட்டு, அது குறிப்பிட்ட உயரம் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறோம். நேரத்திலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து நிலைமத் திருப்புத்திறன். சூத்திரத்தில் அச்சின் ஆரம் வர்க்கமாக வருகிறது. வில்லங்கம் அங்கேதான்.

வெர்னியர் அளவுகோலில் அச்சின் விட்டம் 20 மி.மீ. என்று வந்தால், ஆரம் 10 மி.மீ. என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இழுவிசை செயல்படுவது அச்சின் பரப்பில் இல்லை, நூலின் நடுக்கோட்டில். நூல் 1 மி.மீ. தடிமன் என்றால் கணக்குக்கு உரிய ஆரம் 10.5. இந்த அரை மில்லிமீட்டரை விட்டாலே விடை 9 சதவீதம் குறையும். சுற்று மேல் சுற்று ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம், எடை இறங்கும்போதே ஆரம் மாறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் உராய்வு. தொங்கவிட்ட 200 கிராமில் 20 கிராம், அச்சு சுழலும் தாங்கியின் உராய்வைச் சமாளிக்கவே சரியாகப் போகிறது என்று வையுங்கள். அதைக் கழிக்காவிட்டால் விடை 11 சதவீதம் கூடும்.

இரண்டையும் கவனிக்காத மாணவரின் விடை என்ன ஆகும்? ஒரு பிழை குறைக்க, இன்னொன்று கூட்ட, 1 சதவீதத்துக்குள் வந்து உட்காரும். முழு மதிப்பெண்! நூலைச் சரியாக அளந்து உராய்வை மட்டும் விட்டவர் 11 சதவீதம் தள்ளி நிற்பார். கட்டுரையாளரின் அளவுகோலில் கவனக்குறைவானவர் இவர்தான்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு மாணவி பென்சிலில் நூலைப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து, பத்தால் வகுத்துத் தடிமனைக் கண்டுபிடித்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை அது. விடை விலகியிருக்கிறதே என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். பக்கத்து மேசையில் 'சரியான' விடை எழுதியவருக்கு முழுசாகப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உறுத்துகிறது.

குட்டை உடைக்க வழி இல்லாமல் இல்லை. எடையை மாற்றிச் செய்து பார்த்தால் போதும். மேலே சொன்ன அதே கருவியில், உராய்வு மாறவில்லை என்று கொண்டால், அந்த இரண்டு பிழைகளோடும் 100 கிராமுக்கு விடை 13 சதவீதம் கூடும். 400 கிராமுக்கு 4 சதவீதத்துக்கு மேல் குறையும். உராய்வைத் தனியாக அளப்பதும் இரண்டு நிமிட வேலைதான். சின்னச் சின்ன எடையாகச் சேர்த்துக்கொண்டே வந்து, தட்டை லேசாகத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். வேகம் கூடாமலும் குறையாமலும் எந்த எடையில் சுற்றுகிறதோ, அதுதான் உராய்வுக்குப் போகும் எடை.

மதிப்பெண்ணே குறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வளையத்தின் நிலைமத் திருப்புத்திறனைச் சூத்திரத்தில் கணக்கிடும்போது, உள் ஆரம், வெளி ஆரம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து வைப்பவர்கள் வருடா வருடம் உண்டு. அதே நிறையும் அதே வெளி ஆரமும் உள்ள தட்டைவிட வளையத்துக்குக் குறைவாக வருகிறதே என்று அங்கேயே சந்தேகம் வர வேண்டாமா? அதற்குத் தாராளமாகக் குறைக்கலாம்.

செய்முறைக் கையேட்டின் அட்டவணையில் நூலின் தடிமனுக்கு ஒரு கட்டம், உராய்வு எடைக்கு ஒரு கட்டம், வேறு வேறு எடைகளுக்குக் குறைந்தது மூன்று வரிசை வேண்டும். கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்