திங்கள் முதல் ஐசியு டியூட்டி: ஹவுஸ் சர்ஜன்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வரும் ஆறு பேரும் திங்கள் காலை 7.30-க்கு ஐசியுவில் இருக்க வேண்டும். ரவுண்ட்ஸ் 8 மணிக்கு.

1. நைட் டியூட்டி பார்த்தவர் நோயாளியின் படுக்கை அருகில் நின்று சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப் போதாது.

2. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. நார்அட்ரினலின் (பிரஷர் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து) சிரிஞ்ச் தீரும் முன்பே அடுத்ததை நிரப்பி வையுங்கள். என் முதல் வாரத்தில் பம்ப் அலறிய பிறகுதான் மருந்து ஆம்பியூலைத் தேடினேன்; அதற்குள் நோயாளியின் மேல் பிரஷர் 60-க்கு இறங்கிவிட்டது. இன்றும் அந்தச் சத்தம் கேட்டால் கை நடுங்கும்.

4. சந்தேகமா? இரவு 3 மணியானாலும் கூப்பிடுங்கள், திட்ட மாட்டேன்.

5. அப்புறம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முதல் வாரம் நைட் யார் யார் பார்க்கிறீர்கள்? ஞாயிறு இரவு 9 மணிக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.