எட்டு மாதத்துக்குப் பிறகு குண்டூசிக்கு

அன்புள்ள குண்டூசி,

முதலில் என்னைத் திட்டிவிடு. திட்டி முடித்த பிறகு மேலே படி. அந்த வெள்ளைக் கம்பளத்தின் படத்தை அனுப்பி, "வாங்கலாமா?" என்று ஒற்றை வார்த்தையில் நீ கேட்டு எட்டு மாதமாகிறது. நீ இன்னும் வாங்கியிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஒன்பது கடை ஏறி இறங்குகிறவள் அல்லவா நீ!

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் என்னைவிட இரண்டு விரற்கடை உயரமாகிவிட்டாள். இவருக்கு வழக்கமான முதுகுவலி, வழக்கமான புலம்பல். பெருமூச்சுக்காரிக்கு வேலையில் இடமாற்றமாம்; அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பாள்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் ஒரு கம்பளம்தான்.

புது வீட்டு ஹாலில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரியே இருந்தது. பளிங்குத் தரை, வெள்ளைச் சுவர், பேசினால் எதிரொலி. ஒரு கம்பளம் விரித்தால் சரியாகிவிடும் என்று கடைக்குப் போனேன். வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் ஒன்று. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு பளபளப்பு, இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வேறு ஒரு பளபளப்பு. "சுத்தக் கம்பளி, மேடம்" என்றார் விற்றவர். உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், பூனைக்குட்டி முதுகு போல இருந்தது. வாங்கிவிட்டேன். கையா அதன்மேல் நடக்கப் போகிறது என்று யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அத்தை கால் கழுவிவிட்டு ஈரத்தோடு அதன் மேல் நடந்து போனார். காய்ந்த பிறகு பார்த்தால் வரிசையாக மஞ்சள் நிறத்தில் ஐந்து பாதங்கள், ஒவ்வொன்றும் விறைத்துப்போய். எனக்குச் சந்தேகம் தட்டியது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கக்கூடியது. நாலு சொட்டுத் தண்ணீருக்கா இப்படி ஆகும்? ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி, அடுப்படிக்குக் கொண்டுபோய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். குபுக்கென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகிப் பறந்தது. அடுத்து என் பழைய கம்பளிச் சால்வையிலிருந்து ஒரு நூல். அது தயங்கித் தயங்கிக் கருகியது. தீயை விலக்கியதும் தானே அணைந்துவிட்டது. கரிந்த முனையை விரலில் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முடி கருகும் நாற்றம் வீடு முழுக்க. "யார் தலையில் தீ?" என்று இவர் ஓடிவந்தார்.

ஆக, நான் வாங்கியது விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து எடுக்கிற செயற்கைப் பட்டு. கண்ணுக்குப் பட்டு, தண்ணீருக்குக் காகிதம். பின்புறத் துணியில் ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் உண்மையைப் போட்டுத்தான் இருந்தார்கள். திருப்பிப் பார்க்காதது என் குற்றம்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லலாம். இனிச் சொல்வதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அதற்கு அடுத்த வாரம், விடியற்காலையில், அத்தை அந்தக் கம்பளத்தின் ஓரத்தில் கால் வைத்தார். பளிங்குத் தரையில் கம்பளம் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கம்பளத்துக்கு அடியில் போடும் பிடிமான விரிப்பை வேண்டாமென்று ஒதுக்கியவள் நான். "வெளியே தெரியாத பொருளுக்கு எதற்குச் செலவு?" என்று கடையில் கேட்டது என் வாய்தான். அத்தை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை உனக்கு எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அந்த ஆறு வாரமும் காலையில் அவருக்குத் தலை பின்னிவிடுவேன், இரவில் கம்பளத்தைப் பற்றிப் படிப்பேன். தூக்கத்தில் நான் "முடிச்சு, முடிச்சு" என்று முனகியதாக இவர் ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். ஹாஸ்டலில் வார்டன் அம்மாவுக்குப் பயந்து படித்ததைவிட ஒழுங்காகப் படித்தேன்.

உனக்குத் தெரியுமா, இப்போது கிடைத்திருக்கும் முழுக் கம்பளங்களில் மிகப் பழையது ஏறக்குறைய 2,400 ஆண்டுக்கு முந்தையது. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில் பாசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்துபோன ஒரு கல்லறையில் 1949-இல் எடுத்தார்கள். ஓரமெல்லாம் மான்களும் குதிரை வீரர்களும் வரிசை கட்டி நிற்கிறார்கள். அதுவும் கம்பளிதான். ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னுடையது இரண்டு மாதம் தாங்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் கம்பளத்தின் முகம் மட்டுமே தெரிகிறது. முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, முதுகைப் பார்க்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்டு நெய்ததென்றால், முன்னால் இருக்கும் பூவும் கொடியும் பின்னாலும் அப்படியே தெரியும். முடிச்சுகளை விரலால் எண்ணலாம். குஞ்சம் என்று தொங்குகிறதே, அது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனியே. தனியாக வைத்துத் தைத்ததாக இருக்காது. முதுகில் ஒரு துணி ஒட்டியிருந்தால், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்தி இறக்கி, ரப்பர் பசை தடவி, அதை மறைக்கத் துணி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் கைவேலைதான், மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடங்கள் போகப் போக அந்தப் பசை காய்ந்து மாவாக உதிரும். முடிச்சுக் கம்பளத்தின் விலைக்கு அதை உன் தலையில் கட்டாமல் இருந்தால் சரி.

முதுகு முடிந்தால் அடர்த்தி. கம்பளத்தை வெளிப்பக்கமாக மடக்கிப் பார். நூல்களுக்கு நடுவே அடித்துணி பல்லை இளித்தால் வைத்துவிட்டு வந்துவிடு. உயரமான நூலைப் பார்த்து மயங்காதே. உயரமாக இருந்து நெருக்கமில்லாவிட்டால் நடக்கிற இடமெல்லாம் படுத்துவிடும். குட்டையாக, நெருக்கமாக இருப்பதுதான் உழைக்கும். கட்டை விரலால் அழுத்திப் பார், கம்பளியாக இருந்தால் பள்ளம் மெல்ல எழுந்துவிடும். அதன் இழையில் இயற்கையாகவே சுருள் இருக்கிறது, சுருள்கம்பி மாதிரி. இன்னொன்று, நான் மயங்கிய அந்த மென்மை. கழுத்தில் போடுகிற கம்பளி வேறு, காலில் மிதிபடுகிற கம்பளி வேறு. மெரினோ ஆட்டின் மெல்லிய இழை 24 மைக்ரானுக்குள் இருக்கும் (மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தரைக்குப் போகும் இழை பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு மேல். கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்தால்தான் அது மிதிபட்டும் எழுந்து நிற்கும். நம் வார்டன் அம்மா மாதிரி.

உன் வீட்டு நாலுகால் மகாராணிக்கு நகம் வெட்டுகிறாயா? இல்லையென்றால் வளைய வளையமாக நூல் வைத்த கம்பளத்தின் பக்கமே போகாதே. ஒரு வளையத்தில் நகம் மாட்டினால் அடுத்தடுத்து உருவிக்கொண்டு வந்துவிடும். நூல்முனை வெட்டிவிட்டதாகப் பார்த்து வாங்கு. அதில் நடந்த தடம், பெருக்கிய தடமெல்லாம் நிழல் நிழலாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது 80 பங்கு கம்பளி, 20 பங்கு நைலான் கலந்து தறியில் நெய்தது. கையால் முடிச்சுப் போட்டது என் கைக்கு எட்டவில்லை. நைலான் கலந்திருக்கிறதே என்று முகம் சுளிக்காதே, தேய்மானத்துக்காகவே காலம்காலமாக இந்தக் கணக்கில் கலக்கிறார்கள். மண் நிறத்தில் நான்கைந்து சாயல்கள். துண்டு மாதிரியை வாங்கி வந்து, ஹால் தரையிலேயே போட்டு, காலையில் ஒரு தடவை, விளக்கு போட்டபின் ஒரு தடவை என்று நாலு நாள் பார்த்தேன். கடை வெளிச்சத்தில் தேன் நிறமாக இருந்த ஒன்று எங்கள் வீட்டில் சேற்று நிறமாகிவிட்டது. சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் ஏறி நிற்கிற அளவு வேண்டும், இல்லாவிட்டால் நடு ஹாலில் கைக்குட்டை விழுந்து கிடப்பது போலிருக்கும். அடியில் இந்தத் தடவை கெட்டியான விரிப்பு, ஓரம்வரை. மெத்தென்று இருக்கட்டும் என்று தடிமனாகக் கேட்டேன். அப்படிப் போட்டால் வயதானவர்களுக்குக் கால் தடுமாறும் என்று கடைக்காரரே தடுத்தார். நல்ல மனிதர்.

விரித்த மறுநாளே பஞ்சு பஞ்சாக உதிர ஆரம்பித்தது. மறுபடியும் ஏமாந்துவிட்டேன் என்று அழாத குறை. ஏமாறவில்லை, புதுக் கம்பளியில் தங்கியிருக்கும் குட்டை இழைகள் முதல் சில மாதம் இப்படித்தான் வெளியே வருமாம். வாரம் இரண்டு தடவை வேக்வம் கிளீனர் போட்டேன், குறைந்துவிட்டது. சோபாவைத் தள்ளி அதன் அடியிலும் போடுகிறேன். உன் பச்சைச் சால்வைக்கு நேர்ந்த கதி மறந்துபோகுமா? அந்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தபோது செருப்பை எடுத்துக்கொண்டு அறை முழுக்கத் துரத்தினோமே, தின்றது அதில்லையாம். இருட்டில், யாரும் அசைக்காத மடிப்பில் கிடந்த புழுதான் தின்றிருக்கிறது.

போன மாதம் அத்தையின் கை நழுவி, சிவப்பு இருமல் மருந்து பாட்டிலோடு கவிழ்ந்தது. அந்தச் சிவப்புச் சாயமும் கம்பளிக்கு ஏற்றுகிற சாயமும் ஒரே இனமாம். கறை படிகிறது என்று சொல்வதே தப்பு, சாயமே ஏறிவிடுகிறது. தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி, குளிர்ந்த தண்ணீர் விட்டு, மறுபடி ஒற்றி, இப்படி ஒரு மணி நேரம். சலவைத்தூள் போடக் கூடாது. அதில் இருக்கிற நொதிகள் கம்பளியையே தின்னும். பிளீச்சிங் போட்டால் கரைத்தே விடும். ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு தடம் தங்கிவிட்டது. சின்னவள் நாற்காலியை நகர்த்தி அதை மறைத்தாள். அத்தை நாற்காலியைத் தள்ளிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "என் இடம் எதுவென்று இப்போதுதான் அடையாளம் தெரிகிறது" என்றார். மாமா போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஹாலைக் கடப்பார். இப்போது நடுவிலேயே நடக்கிறார்.

அதனால் உன் வெள்ளைக் கம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் துடிக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். வெள்ளையிலும் நல்லது இருக்கும். நாளைக்கே கடைக்குப் போ. ஒரு மூலையைப் புரட்டி, முதுகைப் படமெடுத்து அனுப்பு. முடிந்தால் ஒரு நூலும் கேட்டு வாங்கிக்கொள். கொளுத்தும்போது மறக்காமல் ஜன்னலைத் திறந்து வை.

உன்
தூங்குமூஞ்சி