பத்தரை மணிக்கு முழித்துத்தான் இருப்பேன்

தூத்துக்குடி
டிசம்பர் 3

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, பாட்டி, அக்கா எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

எதற்காகத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது. அதோடு, நீ இரண்டு நீலக் கோடு விழுந்த கையோடு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இதை உட்கார்ந்து படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் இருக்கும் டெனரீஃபுக்கு நீ படிக்கப் போன புதிதில் தினமும் சரியாக இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டாய். உனக்கு அப்போது மாலை ஐந்து. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். உன் ஐந்து மணி எங்களுக்குப் பத்தரை ஆகிவிட்டது. "லேட்டாயிடும்ப்பா, நீங்க தூங்குங்க" என்றாய். நானும் சரி என்றேன். அதோடு பேச்சு நின்றுபோனது. ஒரு மணி நேரம்தானே தம்பி தள்ளிப்போனது? நாலு மணிக்குக் கூப்பிட்டால் எங்களுக்கு அதே ஒன்பதரைதான்.

நீ கடைசியாக அனுப்பிய படத்தில் அறைக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தீவு என்றதும் நாங்கள் நம்ம ஊர் மாதிரி வெயிலும் உப்புக்காற்றும் என்று நினைத்துவிட்டோம். நீ இருக்கும் லா லகுனா நகரம் கடலிலிருந்து 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேகம் தெருவுக்குள் இறங்கி நிற்கும், நிறைய வீடுகளில் ஹீட்டரே கிடையாது என்று இப்போதுதான் படித்தேன். நீ முன்னே இருந்த ஜெர்மனியில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. அங்கே உள்ளேயும் ஈரக் குளிர். துணி காயாவிட்டால் ஈரத்தோடு போடாதே. ஒரு நல்ல கம்பளி வாங்கு, பணம் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்று அம்மா சொன்னாள். வெளிச்சம் அப்படி என்றேன். வெளிச்சம் இல்லை என்று எனக்கும் தெரியும். வெறும் சோறும் முட்டையுமாகவே ஓட்டுகிறாய் என்று அக்காவிடம் உன் வாயாலேயே சொன்னாயாம். ஜெர்மனியில் நாலு பேர் சேர்ந்து சமைத்தீர்கள், ஒருவன் சாம்பார் என்றால் ஒருவன் ரசம். லா லகுனாவில் ஒருவருமில்லை. அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடலாமா? அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு அள்ளிப்போட்ட உப்பில் வேகவைத்து, தோல் சுருங்கி உப்புப் பூத்ததும், பூண்டு, சீரகம், மிளகாய், வினிகர் அரைத்த மோஹோவோடு தொட்டுத் தின்கிறார்கள். மோஹோ என்றால் நம்ம துவையலின் பங்காளிதான். கோஃபியோ என்று வறுத்த தானிய மாவு இருக்கிறது. பாட்டி உனக்குக் கரைத்துக் கொடுத்த சத்துமாவு மாதிரி பாலில் கரைத்துக் குடி. வியேஹா என்கிற மீன் நம்ம கிளி மீன் ஜாதி. மசாலா சாமான் வேண்டுமென்றால் சாண்டா குரூஸ் போ, டிராம்தான் இருக்கிறதே. சிந்திக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தத் தீவுகளில் கடை வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு அங்கே இரண்டு, மூன்று மணிக்குத்தானாம். அதற்காகக் காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பொடி வகைகள் அனுப்புகிறேன். ஜெர்மனியில் இருக்கும் உன் நண்பர்களுக்கு அனுப்பி அங்கிருந்து உனக்கு அனுப்பச் சொல்லலாமே என்று அக்கா யோசனை சொன்னாள். முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறேன், அப்படிச் செய்து பிரயோஜனமில்லை. கனேரித் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவைதான், ஆனால் அதன் வாட் வரிக்கு வெளியே. அவர்களுக்கு ஐ.ஜி.ஐ.சி. என்று தனி வரி, பொதுவாக 7 சதவீதம். ஜெர்மனியிலிருந்து போனாலும் கஸ்டம்ஸ் காகிதம் வேண்டும். அதனால் நானே நேரே அனுப்புகிறேன், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி, ஒவ்வொன்றுக்கும் எடையும் விலையும் எழுதி. தகவல் வந்தால் பார்க்காமல் விட்டுவிடாதே, பார்சல் கிடந்து திரும்பிவிடும்.

இங்கே மழை இன்னும் பெரிதாக இல்லை. 2023 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பர் பிறந்தாலே அம்மா டிரங்குப் பெட்டியை மேலே தூக்கி வைத்துவிடுகிறாள். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றபடி விசேஷம் இல்லை.

கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். 1792-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம், 1999-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் என்று நான் சொல்லச் சொல்ல, துறைமுகத்தில் என் கூட வேலை பார்க்கிறவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். நம் தெருவிலிருந்து கடலைப் பற்றிப் படிக்கப் போன முதல் ஆள் நீ. கடலில் பிழைத்தவர்கள்தான் நம்மிடம் உண்டு. அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் "பையன் என்ன சொல்றான்?" என்று அடுத்த கேள்வி வரும்போது, "நல்லா இருக்கான்" என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதை நீ யோசித்துப் பார்த்திருக்க மாட்டாய்.

வகுப்புக்குப் போகிறாயா தம்பி? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆறு மாதம் படித்துவிட்டுப் போன ஸ்பானிஷ் புத்தக ஸ்பானிஷ். அங்கே பேசும்போது சொல்லின் கடைசியில் வரும் ஸ் என்கிற ஒலியை விழுங்கிவிடுவார்களாம். பஸ்ஸுக்கு வாவா என்கிறார்களாம், கியூபாவிலும் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் நம்ம மீன் ஏலத்தில் வந்து நின்றால் என்ன புரியும் அவனுக்கு? அவன் முட்டாளா? இல்லையே. புரியவில்லை என்றால் ஆசிரியரிடம் போய்ப் புரியவில்லை என்று சொல்லிவிடு. அறையிலேயே அடைந்து கிடக்காதே.

ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே போ. கண்டெலாரியா ஊருக்கு வாவா போகும். அங்கே இருக்கும் கண்டெலாரியா மாதாதான் கனேரித் தீவுகளுக்கெல்லாம் காவல், கறுத்த முகம், கடலைப் பார்த்த கோவில். பழைய சொரூபத்தை 1826-ல் ஒரு பெருமழை வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது அதற்குப் பின் செய்தது. இன்னொன்று கேள். பக்கத்து லா பால்மா தீவுக்கு யார் காவல் தெரியுமா? நம் பனிமய மாதா! நியெவெஸ் என்கிறார்கள், பனி என்று அர்த்தம். திருநாளும் அதே ஆகஸ்ட் 5. நீ இங்கே கொடியேற்றம் முதல் திருநாள் வரை இருந்துவிட்டுத்தானே கிளம்பினாய்? அம்மாவிடம் இதைச் சொன்னதும் அழுதுவிட்டாள். 2021-ல் அந்தத் தீவில் எரிமலை 85 நாள் குமுறிய வீடியோவை எல்லாம் பார்த்து அதுவரை பயந்துகொண்டிருந்தவள், "அவ இருக்காள்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இதையெல்லாம் நான் ராத்திரியில் உட்கார்ந்து படிக்கிறேன். தூக்கம் வருவதில்லை. நீ அனுப்பிய மலைப் படத்தையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அந்த மலையை நான் பார்த்திருக்கிறேன் தம்பி. உனக்கு இது தெரியாது. 1989-ல் நான் வேலை பார்த்த கப்பல் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் பங்கர், அதாவது எரிபொருள் எடுக்க நின்றது, அது உன் தீவுக்கு அடுத்த தீவில் இருக்கிறது. விடியற்காலை டெக்கில் நின்றபோது மேற்கே மேகத்துக்கு மேல் ஒரு முனை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்றவன் டெய்டே என்றான். நீ ஏப்ரலில் டெனரீஃப் கிடைத்திருக்கிறது என்று போனில் குதித்தபோது நான் பேசாமல் இருந்தேனே, செலவை நினைக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். செலவில்லை. அந்த முனைதான் கண்ணில் வந்து நின்றது.

கம்பெனி கப்பலை விற்கவில்லை. பாட்டி இன்றைக்கும், "அந்தக் கப்பலை மட்டும் விக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பாளே, அது நான் கட்டிய கதை. எனக்கு அங்கே எதுவும் ஒட்டவில்லை. இந்தியும் ஓடாது, ஆங்கிலமும் ஓடாது. ஒரு வேலை சொன்னால் புரியாமல் நிற்பேன், திட்டு விழும். மெஸ்ஸில் கடைசியாகப் போய் எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிடுவேன். நாலு மாதம். லாஸ் பால்மாஸில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சைன் ஆஃப் செய்து, அதாவது கப்பல் வேலையிலிருந்து விடுவித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டியின் சங்கிலியை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டியிருந்தார் தாத்தா. அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்தச் சங்கிலியை மீட்க முடியாமலேயே போனது. அவரும் போய்விட்டார்.

அதனால்தான் அக்டோபரில் நீ அழுதுகொண்டே, "அப்பா, ஒண்ணும் புரியல, வந்துடவா?" என்று கேட்ட ராத்திரி எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. என் வயிற்றுவலி உனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன ஆச்சு, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கல்விக் கடனைச் சொன்னேன், வட்டியைச் சொன்னேன், ஊர் என்ன பேசும் என்று சொன்னேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் "நல்லா இருக்கேன்" மட்டும்தான். கடிகாரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயை அடைத்தது நான்.

தப்பு என்னுடையது. வங்கியில் நான் பேசிக்கொள்கிறேன், அது உன் தலையில் இல்லை. ஜனவரிப் பரீட்சை எழுத முடிந்தால் எழுது. முடியாது என்றால் ஜெர்மனிக்குப் போ, இல்லை வீட்டுக்கு வா. துறைமுகத்தில் யாராவது கேட்டால், பையன் வந்திருக்கிறான் என்று சொல்வேன். வேறு கதை கட்ட மாட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு நான் முழித்துத்தான் இருப்பேன். மாடியில் தனியாக இருப்பேன், அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள். பேச ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கப்பல் விஷயம் பாட்டிக்கு இன்னும் தெரியாது. கிறிஸ்துமஸ் முடியட்டும், நானே சொல்கிறேன். மேகம் இல்லாத நாளில் அந்த மலையை இன்னொரு படம் எடுத்து அனுப்பு, முழுதாகத் தெரிகிற மாதிரி.